தேதியைத் தவிர வேறென்ன கிழித்தோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இவ்வாண்டு ஜனவரி முதல் நாளன்று தாங்கள் வெளியிட்ட புத்தாண்டு இணைப்பில், வாசகர்கள் நாற்பது பேர் தங்கள் ஆண்டு இலக்குகளைத் தெரிவித்திருந்தார்கள். ஒருவர் மாரத்தான் ஓடப்போவதாகவும், ஒருவர் பதினைந்து கிலோ எடை குறைக்கப்போவதாகவும், இல்லத்தரசி ஒருவர் திருமணத்தோடு விட்டுப்போன வீணையை மீண்டும் கையில் எடுக்கப்போவதாகவும், கல்லூரி மாணவர் ஒருவர் நாவல் எழுதி முடிக்கப்போவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த நாற்பது பேரில் நானும் ஒருவன். ஆண்டுக்குள் ஆயிரம் கிலோமீட்டர் நடப்பேன், பன்னிரண்டு சிறுகதைகள் எழுதுவேன் என்ற என் இரண்டு வரிகள் மூன்றாம் பக்கத்தின் கீழ்மூலையில் வந்திருந்தன. ஜூன் 30ஆம் தேதியோடு அரை ஆண்டு முடிந்துவிட்டது. அந்த நாற்பது பேரும் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தாங்கள் இதுவரை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இக்கடிதம்.

நான் சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் அடுத்த ஆண்டு ஆடி மாதத்திலேயே பிறந்துவிடும். ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு, வரும் ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது இங்குள்ள வழக்கம். தீபாவளிக்குத் துணி எடுப்பதைப் பற்றி மற்ற ஊர்க்காரர்கள் நினைக்கவே தொடங்காத நாளில், அதற்கடுத்த தீபாவளி எந்தக் கிழமையில் வருகிறது என்று நாங்கள் மெய்ப்புப் பார்த்து முடித்திருப்போம். அதனாலோ என்னவோ, ஜனவரி முதல் நாளின் பரவசம் என்னை அவ்வளவாகத் தொற்றுவதில்லை. வீட்டில் காலையில் எழுந்ததும் தேதி கிழிப்பது என் வேலை. ஜூன் கடைசி நாளன்று நான் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, "ஆறு மாசமாச்சு, தேதியைத் தவிர வேற என்ன கிழிச்சீங்க?" என்று என் மனைவி கேட்டார். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அதற்கான பதில் ஏற்கெனவே எழுதப்பட்டு, கடைகளில் ரசீதுகளைக் குத்தி வைப்பார்களே, அதுபோன்ற ஒரு கம்பியில் அடுக்காக இருந்தது.

கிழித்த தாளின் வெறுமையான பின்பக்கத்தில் நாள்தோறும் இரண்டு எண்களை எழுதி வருகிறேன். முதலாவது, அன்று நடந்த கிலோமீட்டர். இரண்டாவது, கதை எழுத உட்கார்ந்த நிமிடங்கள். நடக்காத நாளாக இருந்தால் அதற்கான காரணத்தை ஒரே சொல்லில் எழுதிவிடுவேன். முன்பக்கத்தில் ராகு காலமும் எமகண்டமும், பின்பக்கத்தில் என் கணக்கும். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் காரணமில்லை. நாளேட்டில் எழுதாதது பேரேட்டுக்கு வராது என்பது தொழிலில் படிந்துபோன பழக்கம். மனைவி கேட்ட அன்று இரவு அந்தத் தாள்களைக் கம்பியிலிருந்து உருவி, மாதவாரியாகப் பிரித்து, அலுவலகத்தில் செய்வதுபோலவே கூட்டிப் பார்த்தேன்.

ஜனவரியில் 96 கிலோமீட்டர், பிப்ரவரியில் 81, மார்ச்சில் 38, ஏப்ரலில் 62, மே மாதம் 51, ஜூனில் 84. ஆக 412. ஆண்டின் 365 நாளில் 181 நாள் போயிருக்க, ஆயிரத்தைச் சமமாகப் பங்கிட்டால் 496 வந்திருக்க வேண்டும், 84 குறைகிறது. இதைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது, இனிமேல் தினமும் கொஞ்சம் கூடுதலாக நடந்துவிடலாம் என்பதுதான். மீதமுள்ள 588 கிலோமீட்டரை மீதமுள்ள 184 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 3.2 கிலோமீட்டர் வருகிறது. முடியாத காரியமாகத் தெரியவில்லை. இதே கணக்கை நான் நவம்பர் கடைசியில் போட்டிருந்தால் நிலைமை வேறு. இப்போதைய வேகத்திலேயே போயிருந்தால் அன்றைக்கு 760 கிலோமீட்டர் சேர்ந்திருக்கும். டிசம்பர் முழுவதும், ஒரு நாள் தவறாமல், ஏழே முக்கால் கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், காலண்டர் வேலை கழுத்தை நெரிக்கும் மாதத்தில், அதை யாரும் செய்யமாட்டார்கள். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லிக் கைகழுவிவிடுவார்கள். ஆண்டு இலக்குகள் டிசம்பரில் தோற்பதில்லை என்பதையும், ஜூலையில் யாரும் கணக்குப் பார்க்காததாலேயே தோற்கின்றன என்பதையும் இந்த ஒரு வகுத்தல் கணக்கு எனக்குக் காட்டிவிட்டது.

ஆனால் கிலோமீட்டரை மட்டும் பார்த்ததில் நான் ஏமாந்தும் போனேன். எத்தனை நாள் நடந்தேன் என்று தனியாக எண்ணியபோது வேறொரு உண்மை வெளிவந்தது. ஜனவரியில் 27 நாள், பிப்ரவரியில் 23, மார்ச்சில் 11, ஏப்ரலில் 15, மே மாதம் 16, ஜூனில் 25. ஆக 181 நாளில் 117 நாள்தான் நடந்திருக்கிறேன். ஏப்ரலின் 62 கிலோமீட்டரில் 14, ஒரே இரவில் வந்தது. அந்தப் பௌர்ணமிக்கு நண்பர்களோடு திருவண்ணாமலை சென்று கிரிவலம் வந்தேன். அந்தப் புண்ணியத்தை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பது முறையா என்ற தயக்கம் இருந்தாலும் சேர்த்துவிட்டேன். அதை நீக்கிவிட்டுப் பார்த்தால், எந்த மாதமானாலும் நடந்த நாளில் சராசரியாக 3.2 கிலோமீட்டருக்கும் 3.6க்கும் இடைப்பட்ட தொலைவுதான் நடந்திருக்கிறேன். திருத்தங்கல் சாலையில் போய்த் திரும்பும் என் வழக்கமான தொலைவு அது. ஆகவே குறைந்தது தொலைவு அல்ல, நாள்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படி இறங்கிய எந்த நாளிலும் நான் பாதியில் திரும்பவில்லை. இறங்காத நாள்கள் 64 இருந்தன என்பதே என் நோய். நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாக நடப்பது என்று நான் எண்ணிய மருந்து, இந்த நோய்க்குப் பொருந்தாது.

அந்த 64 தாள்களின் பின்பக்கங்களையும் காரணவாரியாகப் பிரித்தேன். அலுவலக வேலை என்று 26 தாள்கள். பெரும்பாலானவை ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சிலும் அதைத் தொடர்ந்து வந்த ஏப்ரலிலும் எழுதப்பட்டவை. பயணமும் விசேஷ வீடுகளும் 13, உடல்நலக் குறைவு 7, அக்கினி நட்சத்திர வெயிலும் மழையும் சேர்ந்து 6. எஞ்சிய 12 தாள்களில் 'சும்மா' என்று எழுதியிருந்தது. தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் ஞானச் செல்வாக்கெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு விழிப்பு வந்தும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவன் எழுதும் 'சும்மா'வில் ஞானம் எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் பன்னிரண்டு சோம்பல் நாள்கள் என்பது நான் அஞ்சியதைவிட மிகக் குறைவு. என்னை நான் சோம்பேறி என்றே நினைத்திருந்தேன். தாள்கள் சொல்வது, நான் மார்ச் மாதத்தை மறந்துவிட்டு இலக்கு வைத்தவன் என்பது. கணக்குப் பிரிவில் இருப்பவன் மார்ச்சை மறந்தான் என்று என் மேலாளர் கேட்டால் சிரிப்பார்.

இக்காலத்தில் இதற்கெல்லாம் கைப்பேசியில் செயலிகள் இருக்கின்றனவே என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் ஜனவரியில் ஒரு செயலியை வைத்திருந்தேன். அது பெருமையாகக் காட்டியது, தொடர்ந்து எத்தனை நாள் நடந்தேன் என்ற எண்ணை. பத்தொன்பது நாள் விடாமல் நடந்திருந்தேன். இருபதாம் நாள் என் பெரியப்பா காலமாகி, விடியுமுன் ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. மறுநாள் செயலியைத் திறந்தால் பூஜ்யம். பத்தொன்பது நாளும் நடக்கவேயில்லை என்பதுபோல இருந்தது அந்தப் பூஜ்யம். துக்கத்துக்காக ஒரு நாள் போனது. அந்தப் பூஜ்யத்தின் மீதான கசப்பில் மேலும் மூன்று நாள் நடக்காமல் இருந்தேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரிடம் ஒரு புதிய பழக்கம் எப்படிப் படிகிறது என்று ஆராய்ந்தபோது, அதற்குச் சராசரியாக 66 நாள் ஆனதையும், சிலருக்கு 18 நாளிலேயே படிய, வேறு சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்பதையும், இடையில் ஒரு நாள் தவறுவது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்பதையும் கண்டார்கள். அந்த ஆய்வைப் பற்றி நான் படித்தது பிப்ரவரியில். முன்பே தெரிந்திருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். காலண்டர் தாளுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்று கிழிக்கும் தாள் நேற்றைய தாளை அழிப்பதில்லை.

அச்சுத் தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்குப் பிடித்த ஒரு முன்னோடியை இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மின்னலை ஆராய்ந்தவர், அரசியல் தலைவர் என்று நாம் அறிவோம். அவர் தொழிலால் அச்சகர், அதிலும் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் அச்சிட்டு விற்றவர். இளமையில் அவர் பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, ஒரு சிறிய ஏட்டில் கிழமைக்கு ஒன்றாக ஏழு கட்டங்களும் பண்புக்கு ஒன்றாகப் பதின்மூன்று வரிசைகளும் சிவப்பு மையால் கோடிட்டு, தவறிய இடத்திலெல்லாம் ஒரு கரும்புள்ளி வைத்து வந்தார். வாரம் ஒரு பண்பில் தனிக் கவனம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. ஆண்டில் நான்கு முறை கணக்கு முடித்துப் புதிதாகத் தொடங்கியவர் என்பது இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தான் நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் மிகுதி என்று கண்டு வியந்ததாகவும், ஒழுங்கு என்ற பண்பு கடைசிவரை தனக்குக் கைவரவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி ஏட்டில் ஓட்டை விழுந்ததால், ஈரத்தால் துடைத்து எழுதக்கூடிய தந்தத் தகடுகளுக்கு அவர் மாறிக்கொண்டார். அந்த ஓட்டை விழுந்த ஏட்டின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இனி, இரவல் எண்களைப் பற்றி. மேற்சொன்ன செயலி எனக்கு நாளொன்றுக்கு 10,000 அடி என்று தானாகவே இலக்கு வைத்தது. என் மூன்றரைக் கிலோமீட்டர் ஏறக்குறைய 5,000 அடி. ஆகவே நடந்து வியர்த்து வந்த ஒவ்வொரு காலையிலும் பாதிதான் தேறினாய் என்று சிவப்பு நிறத்தில் காட்டியது. இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளை அடுத்து, 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியின் பெயர் அது என்று தெரிந்தது. மான்போ-கெய் என்றால் ஜப்பானிய மொழியில் பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். ஒரு கருவியின் பெயர் உலகத்துக்கே மருத்துவ விதியாகிவிட்டது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' நடைபாதைகளின் 8 கிலோமீட்டரும் ஏறத்தாழ இந்தக் கணக்கையே ஒட்டியது. அந்தத் திட்டத்தை நான் குறை கூறவில்லை. நடக்க ஒரு பாதை கிடைப்பது பெரிய காரியம். ஆனால் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைக் காட்டிலும் 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் மேலும் கூடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அடிகளையே எண்ணவில்லை. வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், வாரத்தில் இரு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. அதன்படி பார்த்தால் நடையில் நான் தேறிவிட்டேன். தசைப் பயிற்சியில் சுத்தப் பூஜ்யம். ஜனவரியில் இலக்கு எழுதும்போது அது என் நினைவுக்கே வரவில்லை. ஜூலையில் சேர்த்திருக்கிறேன்.

உடலைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி உண்டு. நம் கணக்கை நாமே சரி என்று சொல்லிக்கொண்டாலும், தணிக்கை செய்ய ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நான் எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் அளவு நேற்றிரவு சாப்பிட்ட பரோட்டாவைச் சொல்லும். ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது, அவற்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும். பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. எனக்கு ஜனவரியில் 7.9 இருந்தது ஜூனில் 7.1 ஆகியிருக்கிறது. எடையும் அப்படித்தான், உப்பும் தண்ணீரும் கூடிக் குறைவதால் ஒரே வாரத்தில் ஒரு கிலோ ஏறி இறங்குவது இயல்பு, ஆகவே அன்றாட எடையைப் பார்த்து மகிழ்வதும் வாடுவதும் வீண். வாரச் சராசரியில் 81.4 கிலோவிலிருந்து 78.9க்கு வந்திருக்கிறேன்.

எழுத்துக்கு அப்படியொரு ஹெச்பிஏ1சி கிடையாது. என் குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்கியது. பிப்ரவரியில் நான் நாளுக்கு 500 சொற்கள் என்று இலக்கு வைத்து, சொற்களை எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிக்கும் தொழிலாளி ஒருவரைப் பற்றிய கதை அது. இருபது நாளில் சொற்கள் மலைபோல் சேர்ந்தன. மார்ச்சில் எடுத்துப் படித்தபோது, அந்த மனிதர் எதற்கெடுத்தாலும் பேசிக்கொண்டே இருந்தார். நான் அறிந்த தகரம் அடிப்பவர்கள் வேலையில் இருக்கும்போது வாயைத் திறப்பதே அபூர்வம். இயந்திரத்தின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. அவரைப் பேச வைத்தது கதையன்று, அந்த 500 என்ற எண். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கப் பேச்சை அடித்தேன். அந்த அரையாண்டில் எழுத்துக்காக நான் செய்த மிக நல்ல காரியம் அதுதான். ஆனால் அன்றைய தாளின் பின்பக்கத்தில் என்ன எழுதுவது? மைனஸ் அறுநூறு சொற்கள் என்றா? அன்றோடு சொற்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, உட்கார்ந்த நிமிடங்களை எழுதத் தொடங்கினேன். முந்தைய வாரங்களுக்கு நினைவிலிருந்து தோராயமாக நிரப்பினேன் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன். எழுதினாலும் அடித்தாலும் சும்மா ஒரு வரியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும், உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். இந்தச் 'சும்மா'வை மட்டும் நான் வரவில் வைத்துக்கொள்கிறேன்.

அப்படிக் கூட்டியதில் 79 நாள், 58 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். முடிந்த கதைகள் மூன்று. ஒன்றுக்கு 17 மணி, ஒன்றுக்கு 11, தகரம் அடிப்பவர் கதைக்கு 21. எஞ்சிய 9 மணி நேரம் இரண்டு அரைகுறைக் கதைகளில் கிடக்கிறது. எனக்கு ஒரு சிறுகதைக்குச் சுமார் பதினாறு மணி நேரம் ஆகிறது என்பது ஜனவரியில் எனக்குத் தெரியாது. ஒரு பொருளின் அடக்கவிலை தெரியாமல் பன்னிரண்டுக்கு ஆர்டர் எடுத்துவிட்டேன். மாதத்துக்கு ஒன்று என்பது காதுக்கு அழகாக இருந்தது, அவ்வளவே.

எழுத்தை மணிக்கணக்கில் அளப்பது கலைக்கு இழுக்கு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலப்பைக் காட்டலாம். தபால் துறையில் முழுநேர அலுவலராக இருந்துகொண்டே, விடியற்காலையில் எழுந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதியவர் அவர். நாற்பத்தேழு நாவல்கள் எழுதினார். அவருடைய சொல் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் அவர் வைத்திருந்த குறிப்பேட்டைப் பற்றி அவரே எழுதியிருப்பதில் ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே அளவை வைத்துக்கொள்ளவில்லை. மற்ற வேலை அதிகமா குறைவா என்று பார்த்து, வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று முன்கூட்டியே ஒதுக்கினார். சராசரி 40 பக்கம், குறைந்தது 20, மிக அதிகமாக 112. கடிகாரத்தோடு எழுதிய மனிதரே வாரங்களைச் சமமாக நினைக்கவில்லை. நாம்தான் ஆண்டை 365ஆல் வகுக்கிறோம். தேர்வு நேரத்து ஆசிரியருக்கும், அறுவடை நேரத்து விவசாயிக்கும், புரட்டாசியிலிருந்து மார்கழிவரை இரவு பகலாக ஓடும் எங்கள் அச்சகத்துக்கும் நாள்கள் ஒரே எடையில் வருவதில்லை.

ஆகவே ஜூலை முதல் தேதியன்று என் இலக்குகளைத் திருத்தினேன். ஆயிரம் கிலோமீட்டர் வேண்டுமென்றால், நாளுக்கு மூன்றரை வீதம் 184 நாளில் 168 நாள் நடக்க வேண்டும். எங்கள் சீசனில் அது நடவாது. 900 என்று குறைத்தால் 140 நாள் போதும். முதல் அரையாண்டைவிட 23 நாள் அதிகம், கடினம், ஆனால் முடியும். கதைகளில், அரைகுறையாகக் கிடக்கும் 9 மணி நேரத்தையும் சேர்த்து, முதல் அரையாண்டின் வேகத்திலேயே போனால் நான்கு வரும். சீசனைக் கருதி மூன்று என்று வைத்து, ஆண்டுக்கு ஆறு என்று எழுதிக்கொண்டேன். இப்படிக் குறைப்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று என் மகன் சொன்னான். அரசின் வரவு செலவுத் திட்ட அறிக்கையை எடுத்து அவனிடம் காட்டினேன். வரவு செலவுத் திட்ட மதிப்பீடு என்று ஒரு பத்தி, அதற்குப் பக்கத்திலேயே திருத்திய மதிப்பீடு என்று இன்னொரு பத்தி. கோடிக்கணக்கில் திட்டமிடும் நிதித்துறையே ஆண்டு முடியுமுன் எண்ணை மாற்றி, மாற்றியதைச் சட்டமன்றத்தில் அச்சிட்டும் வைக்கிறது. தனிமனிதன் மட்டும் ஜனவரியில் எழுதியதைத் திருத்தக் கூசி, மொத்தமாகக் கைவிட்டுவிட்டு, டிசம்பரில் அதே எண்ணை மறுபடி எழுதுகிறான். வீடுகளில் பழைய டைரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஜனவரி மூன்றாம் வாரம்வரை முத்து முத்தான கையெழுத்து, அதற்கப்புறம் பால் கணக்கு. டைரி அச்சிட்டுப் பிழைக்கும் ஊர்க்காரன் இதைச் சொல்லக்கூடாதுதான்.

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். ஆடிப்பெருக்கை ஒட்டி வரும் ஞாயிறு இதழில், அந்த நாற்பது பேரின் அரையாண்டுக் கணக்கை ஒரு பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். வேறு வாசகர்களும் எழுதலாம். ஒவ்வொருவரும் ஜனவரியில் வைத்த இலக்கு என்ன, ஜூன் 30 வரை ஆனது எவ்வளவு, குறைந்ததற்குக் காரணம் என்ன, திருத்திய இலக்கு என்ன என்ற நான்கை மட்டும் சொன்னால் போதும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதையும் அறிவிக்க வேண்டாம். பரிசு என்றால் எங்கள் ஆட்கள் கிலோமீட்டரைக் கூட்டி எழுதிவிடுவார்கள், கைப்பேசியை ஊஞ்சலில் கட்டி ஆட்டி அடிக்கணக்கு ஏற்றியவரை நானே அறிவேன். எடை குறைத்து வென்றவரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, குறையாதவரை விட்டுவிடவும் வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது, மாரத்தான் ஓடுவதாகச் சொன்னவருக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, நாவல் எழுதுவதாகச் சொன்ன மாணவர் பருவத் தேர்வுகளுக்கு நடுவே எத்தனை நாள் உட்கார்ந்தார் என்பவைதான். வீணை எடுத்த அம்மையாரிடம் ஒரு கேள்வியும் உண்டு: கலையில் முன்னேற்றத்தை அவர் எதைக்கொண்டு அளக்கிறார்? வாசித்த மணி நேரத்தையா, கைக்கு வந்த கீர்த்தனைகளின் எண்ணிக்கையையா, விரல் நுனியில் காய்த்த தடிப்பையா? எனக்கு அது பயன்படும்.

வெளியூர்களில் கையால் எழுதி அனுப்பும் மூத்த வாசகர்கள் இருப்பார்கள் என்பதால், மின்னஞ்சலோடு அஞ்சலட்டையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான்கு வரிகளுக்கு ஓர் அட்டை தாராளம். இடப்பற்றாக்குறை இருந்தால் என் கணக்கை விட்டுவிட்டு மற்றவர்களுடையதைப் போடலாம். நான் இக்கடிதத்திலேயே அளவுக்கு மீறிய இடத்தை எடுத்துக்கொண்டேன். இதை எழுத நான்கு மாலைகள், மொத்தம் ஆறரை மணி நேரம் ஆயிற்று. அதைக் கதை எழுத உட்கார்ந்த கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். கூடாது என்றார். தாளில் 'கடிதம்' என்று காரணம் எழுதிவிட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சிவகாசி.